பவுல் எருசலேமுக்குப் போனது தேவ சித்தமா, பிடிவாதமா?

கடுகுவிதை:
பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 21ஆம் அதிகாரம் எனக்கு நெருடலாகவே இருக்கிறது. தீரு பட்டணத்துச் சீஷர்கள் 'ஆவியின் ஏவுதலினாலே' பவுலிடம் எருசலேமுக்குப் போக வேண்டாம் என்கிறார்கள் (4ஆம் வசனம்). அவர் கேட்கவில்லை. இதையே நாம் செய்தால் கீழ்ப்படியாமை என்பார்கள். பவுல் செய்தால் மட்டும் விசுவாச வீரமா?

திண்ணைவாசி:
சகோ, முந்தின அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். கட்டுகளும் உபத்திரவங்களும் காத்திருப்பதைப் பட்டணந்தோறும் பரிசுத்த ஆவியானவர் தெரிவிப்பதாக மிலேத்து பட்டணத்தில் பவுலே சொல்கிறார் (20:23). நடக்கப்போவதை ஆவியானவர் காட்டினார். 'போகாதிரும்' என்பது பாசத்தில் சீஷர்கள் சேர்த்துக்கொண்டது. செசரியா பட்டணத்தில் அகபு என்ற தீர்க்கதரிசி என்ன செய்தார்? பவுலின் இடுப்புக் கச்சையை எடுத்துத் தன் கைகால்களையே கட்டிக்கொண்டு, இதை உடையவரை இப்படித்தான் கட்டுவார்கள் என்றார். அவ்வளவுதான். அழுது கெஞ்சியதெல்லாம் சுற்றி நின்றவர்கள். அந்தக் கூட்டத்தில் இந்தப் புத்தகத்தை எழுதிய லூக்காவும் ஒருவர், 'நாங்கள்' என்றுதான் எழுதுகிறார்.

கடுகுவிதை:
அகபு விஷயம் சரி. தீருவுக்கு அது ஒட்டாதே. சீஷர்கள் பாசத்தில் சேர்த்தார்கள் என்று லூக்கா எழுதவில்லை, நீங்கள்தான் சேர்க்கிறீர்கள்! இதே பவுல் 16ஆம் அதிகாரத்தில் பித்தினியாவுக்குக் கிளம்பி, ஆவியானவர் தடுத்ததும் துரோவாவுக்குத் திரும்பியவர். அங்கே பணிந்தவர் இங்கே ஏன் முரண்டு பிடிக்கிறார்?

நடைவாசல்:
நீங்கள் இரண்டு பேரும் பவுல் எருசலேமுக்குக் கொண்டுபோன பணத்தை மறந்துவிட்டீர்கள். மக்கெதோனியா, அகாயா சபைகள் எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கை அது. ரோமருக்கு எழுதிய நிருபம் 15ஆம் அதிகாரத்தில் பயணத்துக்குக் காரணமாகப் பவுல் சொல்வது இதைத்தான், தரிசனத்தை அல்ல. யூதேயாவின் அவிசுவாசிகளுக்குத் தான் தப்பவும், பரிசுத்தவான்கள் அந்த உதவியை ஏற்றுக்கொள்ளவும் ஜெபிக்கச் சொல்கிறார். ஆபத்து தெரிந்தே, கையில் எடுத்த வேலையை முடிக்கப் போனவர். இதில் பிடிவாதம் எங்கே வந்தது?

திண்ணைவாசி:
அப்புறம் அப்போஸ்தலர் 23:11. எருசலேமில் பவுல் பிடிபட்ட பிறகு ராத்திரியில் கர்த்தர் அவர் அருகே நின்று, எருசலேமில் சாட்சி கொடுத்ததுபோல ரோமாவிலும் கொடுக்க வேண்டும் என்கிறார். ஒரு வார்த்தை கண்டிக்கவில்லையே.

கடுகுவிதை:
போனபின் கிடைத்த ஆறுதல், போனது சரி என்பதற்குச் சாட்சியா? யோனாவையும்தான் மீன் வயிற்றிலிருந்து காப்பாற்றினார். அதற்காக, தேவன் அனுப்பிய இடத்துக்குப் போகாமல் அவர் தர்ஷீசுக்குக் கப்பலேறியது சித்தம் ஆகிவிடுமா?

நடைவாசல்:
யோனா வேலைக்குப் பயந்து ஓடினார். இவர் வேலையை முடிக்க அடிவாங்கப் போனார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கடுகுவிதை:
சரி, யோனாவை விடுகிறேன். 21:4க்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.