தாத்தா நடந்த அந்த ரெண்டு மணி நேரத்தை மேப்ல எப்படி போடறது?

மலைக்காத்து:
வணக்கங்க, நாங்க ஏற்காடு. தாத்தாவுக்கு மறதி ஜாஸ்தி. போன மாசம் 10 மணிக்கு ஏரி பக்கத்து டீக்கடைல பாத்திருக்காங்க, 12 மணிக்கு ஒரு எஸ்டேட் கேட்டுகிட்ட உக்காந்திருந்தாரு, வேட்டி ஓரமெல்லாம் ஒட்டுப்புல்லு, நடுவுல எங்க போனாருன்னு இன்னிவரைக்கும் தெரியல. நேர்கோட்டுல 3 கி.மீ. இருக்கும், அவர் நடை மணிக்கு 3 கி.மீ. தாண்டாது. இன்னொரு வாட்டி காணாம போனா எங்க தேடறதுன்னு இப்பவே போட்டு வைக்கணும்ங்க.

அம்மாபேட்டை_ஜிஐஎஸ்:
தம்பி, ஸ்வீடன்ல ஹேகர்ஸ்ட்ராண்ட்னு ஒருத்தர் 1970லயே இதுக்கு வழி சொல்லிட்டாரு. ரெண்டு மணி நேரத்துல அதிகபட்சம் 6 கி.மீ., அப்ப ரெண்டு எடத்தையும் குவியமா வச்சு நீள்வட்டம் போடுங்க (உள்ள எந்த புள்ளிலயும் ரெண்டு எடத்துக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினா 6 கி.மீ. தாண்டாது), நீளம் 6, அகலம் 5.2, பரப்பு 24 சதுர கி.மீ.க்கு மேல வரும். அதுக்கு வெளிய போயிருக்கவே முடியாது. ஆனா எங்கயாச்சும் அரை மணி நேரம் உக்காந்திருந்தா பரப்பு 12 சதுர கி.மீ.க்கு கீழ வந்துடும், பாதி! அதனால அவர் வழக்கமா எங்க உக்காருவாருன்னு வீட்ல விசாரிங்க, அதான் முக்கியம்.

கொண்டைஊசி20:
அண்ணா சொல்றது சமதரைக்கு சரி, மலைல அப்படி இல்லைங்க. டோப்ளர்னு (Tobler) ஒருத்தர் போட்ட நடை வேகக் கணக்குப்படி லேசான இறக்கத்துல தான் வேகம் ஜாஸ்தி, செங்குத்தான ஏத்தத்துல பாதியாகிடும், அதனால நீள்வட்டம் ஒரு பக்கமா சரிஞ்சு நிக்கும். காபித் தோட்டத்துக்குள்ள குறுக்குத்தடம் வேற இருக்கு, அது எந்த மேப்லயும் இருக்காது, எஸ்டேட்ல வேலை பாக்கற அக்காங்ககிட்ட கேட்டு நீங்களே வரைஞ்சுக்கணும். டீக்கடைக்காரர் சொன்ன 10 மணியும் கரெக்டா 10 கிடையாது, 9.45ஆ கூட இருக்கலாம். நேரம், வேகம் ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி கம்ப்யூட்டர்ல ஆயிரம் தடவை ஓட்டி, மேப்பை கட்டம் கட்டமா பிரிச்சு எந்த கட்டத்துல அதிகம் விழுதுன்னு எண்ணுங்க, அங்க இருந்து தேட ஆரம்பிக்கலாம்.

அம்மாபேட்டை_ஜிஐஎஸ்:
ஆமா, இது கரெக்ட். இன்னொண்ணு, அடுத்த வாட்டி உங்ககிட்ட கடைசியா பாத்த ஒரு எடம் தான் இருக்கும், அப்ப நிமிஷத்துக்கு நிமிஷம் வட்டம் பெருசாகிட்டே போகும். வேற யாராச்சும் பாத்தேன்னு சொன்னா உடனே சுருங்கும், அதனால மொதல்ல ஆளுங்களுக்கு போன் போடுங்க தம்பி.

மலைக்காத்து:
ரொம்ப நன்றிங்க. அப்பாயிகிட்ட கேட்டேன், பழைய பல்பிங் ஷெட் (காபிப் பழத்தோட தோல் உரிக்கிற எடம்) திண்ணைல உக்காருவாராம், அங்க தான் சின்ன வயசுல கூலி வாங்குவாராம். பாத்தா அது நீள்வட்டத்துக்குள்ள தான் வருது. ஷெட் பக்கத்து வீட்டு நம்பர் வாங்கியாச்சு.