பெங்களூரு பழைய கார்க்காரங்களுக்கு, வீல் நட்: யார் யார் என்ன பார்த்தீங்க, சொல்லுங்க

ஹலசூர் ஸ்பேனர்:
பஞ்சர் கடையில ஏர் கன் வச்சு ‘டர்ர்ர்’னு இறுக்கித் தர்றாங்களே, பழைய ஸ்டட்டுக்கு (வீல் நட் ஏறுற மரைக்கம்பி) எமன் அதுதான். ஸ்டட் லேசா நீண்டு, திரும்பச் சுருங்கப் பார்க்கிற இழுப்புதான் வீலைப் பிடிச்சிருக்கு. அளவு மீறினா நீண்டது நீண்டபடியே நின்னுடும். கண்டுபிடிக்கிறது சுலபம்: மரையைப் பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணி, நல்ல நட் ஒன்றைக் கையால திருகுங்க. வழவழன்னு போய் ஒரே இடத்துல பிடிச்சா அங்கே மரை இழுபட்டிருக்கு. ஸ்டட்டை மாத்துங்க, கன் பட்டது அது மட்டுமா இருக்காது, பக்கத்துல உள்ளதையும் பாருங்க.

மாட்டும்போது ஜாக்கியில இருக்கிறப்பவே எல்லா நட்டையும் கையால ஏத்தி, வீல் நடுவுல உட்கார்ற அளவுக்கு ஸ்பேனர்ல இறுக்கணும். டார்க் ரெஞ்ச் (வச்ச அளவு இறுக்கம் வந்ததும் ‘டிக்’னு சொல்ற ஸ்பேனர்) தரையில இறக்கின பிறகுதான். 5 நட்னா, வட்டமா எண்ணி 1-3-5-2-4 வரிசையில. முதல் சுத்து பாதி அளவு, அடுத்தது முழு அளவு. ‘டிக்’னு ஒரு தடவை சத்தம் வந்தா போதும். மனசு கேக்காம இன்னொரு தடவை இழுக்காதீங்க.

ஜெயநகர் எம்ஜி:
இறுக்கும் அளவில், எண்ணிக்கையை விட அலகில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ஸ்டீல் வீல் போட்ட எம்ஜிபி காருக்கு 60–65 ஃபுட் பவுண்டு, அதாவது 81–88 நியூட்டன் மீட்டர். 65-ஐ அப்படியே நியூட்டன் மீட்டரில் வைத்தால் 48 ஃபுட் பவுண்டுதான் ஏறும், வீல் தளரும். மெர்சிடிஸ் டபிள்யூ123 காருக்கு நேர் எதிர்: 110 நியூட்டன் மீட்டர் வேண்டிய இடத்தில் 110 ஃபுட் பவுண்டு வைத்தால் 149 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். ஃபுட் பவுண்டை 1.356-ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர்.

மரைக்கு எண்ணெய், கிரீஸ் போடும் பழக்கத்தையும் விடுங்கள். ரெஞ்சில் கொடுக்கும் பலத்தில் பெரும்பகுதி உராய்விலேயே போகிறது. எண்ணெய் பட்டதும் அந்த உராய்வு குறைந்து, அதே எண்ணில் ஸ்டட் கூடுதலாக இழுபடும். கையேட்டு அளவு உலர்ந்த, சுத்தமான மரைக்கு.

வில்லிஸ்காரன்:
ஜே.சி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில நட் வாங்கப் போறவங்க பழைய நட் ஒன்றைக் கையோட கொண்டு போங்க. 1/2 இஞ்ச் நட் எம்12 (12 மி.மீ.) ஸ்டட்ல லொடலொடன்னு ஏறிடும். மாட்டிக்கிச்சுன்னு நினைப்பீங்க, பாரம் வந்ததும் மரையோட பிடுங்கிட்டு வரும்.

பழைய வில்லிஸ் ஜீப்புல இடது பக்கம் இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினாதான் கழலும். பழைய டாட்ஜ், பிளிமத்லயும் உண்டு. ஸ்டட் முனையில ‘எல்’ எழுத்து இருக்கான்னு துடைச்சுப் பாருங்க. கழட்டுறோம்னு நினைச்சு நாலடி குழாயைச் சொருகி இறுக்கி, ஸ்டட்டை முறிக்கிறது இங்கேதான்.

ஜெயநகர் எம்ஜி:
எம்ஜியின் கம்பி வீல் இதற்குத் தலைகீழ்: இடது பக்கம் சாதாரண மரை, வலது பக்கம் இடது மரை. ஹப்பை (வீல் பொருந்தும் அச்சு முனை) பக்கம் மாற்றிப் போட்டால், வீலைப் பிடிக்கும் நடு நட்டான ஸ்பின்னர் ஓட ஓடக் கழன்றுவிடும். ஸ்பின்னரை அடிக்கச் செம்புச் சுத்தியல்; இரும்பு வேண்டாம். கிரீஸ் இங்கே வேண்டும், வீலும் ஹப்பும் பல் பல்லாகப் பொருந்தும் ஸ்ப்ளைனுக்கு.

ஹலசூர் ஸ்பேனர்:
புதுசா பவுடர் கோட்டிங் போட்ட ரிம்மா? நட் உட்கார்ற குழியிலயும், ஹப்போட ஒட்டுற முகத்துலயும் பெயின்ட் தடிமனா இருந்தா, ஓட்டத்துல அது நசுங்கி இறுக்கம் போயிடும். டிரம்ல துருச் செதில் இருந்தாலும் அதே கதைதான். சுரண்டிட்டு மாட்டுங்க. 50–100 கி.மீ. ஓடினதும், வீல் ஆறின பிறகு மறுபடி ரெஞ்ச் போடணும். நந்தி மலை போறவங்க முந்தின நாளே ஊருக்குள்ள ஓட்டி அதை முடிச்சுடுங்க.

வில்லிஸ்காரன்:
அண்ணே, குழி தேஞ்சிருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

ஹலசூர் ஸ்பேனர்:
நட்டோட கூம்பு முகத்துல மார்க்கர் மை தடவி, இறுக்கி, கழட்டிப் பாருங்க. மை முழு வளையமா அழிஞ்சிருந்தா சரி. ஒரு பக்கம் மட்டும் அழிஞ்சிருந்தா ரிம் ஓட்டை ஓவலாயிருக்கு. மெல்லிசா ஒரு கோடு மட்டும் அழிஞ்சிருந்தா, உருண்டைக் குழிக்குக் கூம்பு நட் வாங்கிட்டீங்க. பீட்டில், டபிள்யூ123 போல்ட்டுகள்ல அடிக்கடி பார்க்கிற தப்பு இது. ஓவலான ரிம்மை ஸ்டெப்னியாக்கூட வைக்காதீங்க.