டாஃப் என்ற ஆங்கில வினைச்சொல் எங்கிருந்து வந்தது?

நர்சிங் மாணவி:
தொற்றுத் தடுப்பு வகுப்பில் கவச உடை போடுவதை டானிங் என்றும் கழற்றுவதை டாஃபிங் என்றும்தான் சொல்லித் தருகிறார்கள். சும்மா ‘டேக் ஆஃப்’ என்றால் போதாதா? டான் என்றாலே எனக்குக் கடத்தல்காரன்தான் ஞாபகம் வருகிறான். இந்த இரண்டும் ஜோடிச் சொற்களா?

ரிங்ஃபிரேம்காரன், கோவை:
ஜோடியேதான் அம்மணி. ‘டூ ஆன்’ சுருங்கி டான், ‘டூ ஆஃப்’ சுருங்கி டாஃப். பழைய ஆங்கிலத்தில் ‘டூ’வுக்குச் செய் என்பதோடு வை, இடு என்ற பொருளும் இருந்தது. உடம்பின் மேல் இட்டால் டான், எடுத்து அப்பால் வைத்தால் டாஃப். 14ஆம் நூற்றாண்டிலேயே இப்படி ஒட்டிக்கொண்டுவிட்டன. கூடப் பிறந்தவை இன்னும் இரண்டு உண்டு: கதவைத் திறக்க ‘டப்’, விளக்கை அணைக்க ‘டவுட்’. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் ஒஃபீலியா பாடும் பாட்டில் ஒருவன் எழுந்து உடையை ‘டான்’ செய்து அறைக் கதவை ‘டப்’ செய்கிறான்.

எனக்கு இந்தச் சொல் மில்லில்தான் பழக்கம். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷினில் காப், அதாவது நூல் நிறைந்த குழல்களை உருவிவிட்டுக் காலிக் குழலான பாபின் போடுவதுதான் டாஃபிங். அதைச் செய்கிறவர் டாஃபர். பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷினில் பெரிய சிலிண்டரிலிருந்து பஞ்சை வாங்கிக்கொள்ளும் உருளைக்கும் டாஃபர் என்றே பெயர். இப்போது ஆட்டோ டாஃபர் வந்துவிட்டது. அந்தக் காலத்து அமெரிக்க மில்களில் சின்னப் பையன்கள் செய்த வேலை இது. புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் 1909இல் ஜார்ஜியாவின் மேக்கனில் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். உயரம் எட்டாமல் ஓடுகிற ஃபிரேம் மேலேயே ஏறி நிற்கிறார்கள்.

ஆங்கில ஆசிரியர்:
நல்ல விளக்கம். ஒன்று சேர்க்கிறேன். ஜூலியட் ரோமியோவிடம் பெயரையே ‘டாஃப்’ செய்யச் சொல்வாள். ஆனால் 1755இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியில் இது வழக்கொழிந்த சொல், நாட்டுப்புறத்தார் தவிர யாரும் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை என்று எழுதிவிட்டார். பிறகு வால்டர் ஸ்காட் போன்ற எழுத்தாளர்கள்தான் அதற்கு உயிர் கொடுத்தார்கள்.

ரிங்ஃபிரேம்காரன், கோவை:
சார், அதில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. நாட்டுப்புறத்தார் பேசினால் அது செத்த சொல்லா? அந்த ஜனங்கள்தானே அப்புறம் மில்லுக்கு வேலைக்கு வந்தார்கள். சொல்லும் கூடவே வந்திருக்கும் என்பது என் கணிப்பு. எழுத்தாளர்களால் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்கிற அலங்காரப் பொருள் நிலைத்தது, சரி. தினமும் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் உச்சரித்தது தொழிலாளிதான்.

அமெரிக்கக் கோர்ட்டிலும் இது தொழிலாளி சொல்தான். இறைச்சி ஆலைத் தொழிலாளர்கள் போட்ட வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கவச உடை போட்டபின் வேலையிடத்துக்கு நடக்கும் நேரத்துக்குச் சம்பளம் உண்டு. அதைக் கழற்றக் காத்திருக்கும் நேரத்துக்கும் உண்டு. காலையில் கவச உடையின் முதல் உருப்படியை வாங்கக் காத்திருக்கும் நேரத்துக்கு மட்டும் கிடையாது.

நர்சிங் மாணவி:
நன்றி அண்ணா, நன்றி சார். இதை எங்கள் வகுப்பு வாட்ஸ்அப்பில் போடுகிறேன். பயிற்சியில் இருப்பதால் எங்களுக்குக் கழற்றும் நேரத்துக்கும் ஒன்றும் வராது!