அளவேவல்: பிளாஷ் பவரை எட்ட இருந்து கூட்டிக் குறைக்கிறதுக்கு ஒரு சொல்

ஐயா வணக்கம், குழுவுல எல்லாருக்கும் வணக்கம்.

நேத்து நீங்க அனுப்புன கலைச்சொல் பட்டியல்ல "கம்பியில்லா புறப்பளிச்சொளித் திறன் கட்டுப்பாடு"ன்னு ஒரு சொல் இருந்துச்சு, அதாவது கேமராவை விட்டுத் தள்ளி வச்ச பிளாஷோட பவரை வயர் இல்லாம கூட்டிக் குறைக்கிறது. காரைக்குடி சுத்துப்பட்டுல பதினஞ்சு வருஷமா கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்)னு படம் எடுத்துக்கிட்டு இருக்கிறவன்கிற முறையில இதுல ரெண்டு இடம் உறுத்துது, சொல்லிடுறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

முதல்ல திறன். பிளாஷை பாதி பவருக்கு வச்சா உள்ள என்ன நடக்குதுன்னு பாத்தா, ஒளியோட உச்சப் பிரகாசம் பெருசா குறையுறதில்ல, எரியுற நேரம்தான் குறையுது. ஒளி விடுற செனான் குழாய்க்குள்ள, கரண்டைச் சேத்து வைக்கிற கெப்பாசிட்டர்ல இருந்து கரண்ட் பாயும்போது ஐஜிபிடின்னு ஒரு சுவிட்ச் நடுவுல கத்தரிச்சு விட்டுடுது, அவ்வளவுதான், வீட்டுக் குழாயை முழுசா திறந்து சட்டுனு மூடுற மாதிரி, தண்ணி வர்ற வேகம் அதேதான் ஆனா குடத்துல விழுந்தது கம்மி. நிக்கான் எஸ்பி-800 பிளாஷோட கையேட்டுலயே இருக்கு, முழு அளவுல 1/1050 செகண்ட் எரியும், 1/128 வச்சா 1/41600 செகண்டுதான். (பெரிய ஸ்டுடியோ லைட்டுல சிலது வோல்டேஜையே குறைக்கும், அது வேற கதை.) பள்ளிக்கூடப் புத்தகத்துல திறன்னா ஒரு செகண்டுக்கு எவ்வளவுங்கிறது, ஆற்றல்னா மொத்தம் எவ்வளவுங்கிறது. அப்ப நாம கூட்டிக் குறைக்கிறது மொத்தத்தைத்தான். இங்கிலீஷ்காரங்க பவர்னு வச்சது பேச்சு வழக்கு, அதை நாம திறன்னு அப்படியே மாத்துனா பிழையையும் சேத்து வாங்கிக்கிறோம். "அளவு"ன்னா போதும், அளவுக்குள்ள எல்லாம் அடங்கிடும்.

ரெண்டாவது கம்பியில்லா. "கம்பியில்லா திறன்"னு ஒட்டிப் படிச்சா போனை வயர் இல்லாம சார்ஜ் போடுற மாதிரி, பவரே காத்துல போகுதுன்னு அர்த்தம் வருது. காத்துல போறது பவர் இல்ல ஐயா, சேதி. பிளாஷோட பேட்டரியும் கெப்பாசிட்டரும் அது நிக்கிற இடத்துலயே இருக்கு, கேமரா தலையில இருக்கிற டிரிகர் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவுல ரெண்டே விஷயம் சொல்லுது, இந்த அளவுல நில்லு, இப்ப மின்னு. அதாவது ஏவுது. இலக்கணத்துல ஏவல் வினைன்னு நீங்களே சொல்லிக் கொடுப்பீங்க, நட, வா, போன்னு. அதனால நான் சொல்ற சொல் "அளவேவல்". அளவை ஏவுறது. ஏவுறவன் இங்க, செய்யறவன் அங்கன்னு சொல்லுக்குள்ளயே இருக்கு, கம்பி இருக்கா இல்லையான்னு தனியா சொல்லவே வேண்டாம். வெறுமனே மின்ன மட்டும் வைக்கிற பழைய டிரிகர் "ஏவி", அளவையும் மாத்துறது "அளவேவி". இந்த வித்தியாசம் கடையில வாங்குறவனுக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா பழைய டிரிகர்ல பலது மின்ன வைக்கும், அளவை மாத்தாது.

அது எவ்வளவு பெரிய வித்தியாசம்ங்கிறதுக்கு ஒரு வீட்டைச் சொல்றேன். கானாடுகாத்தான்ல ஒரு கல்யாணம், நான் தொழிலுக்கு வந்த புதுசு. வளவுல, அதாவது வீட்டு நடு முற்றத்துல, திருப்பூட்டு (தாலி கட்டுறது). மேல் மாடியில ஒரு பிளாஷ், பர்மா தேக்குத் தூணுக்குப் பின்னாடி ஒண்ணு, முகப்புல ஒண்ணு. அப்ப எங்கிட்ட இருந்தது ஒளித்துடிப்பால சேதி சொல்ற செட்டு, ஒரு பிளாஷ் இன்னொரு பிளாஷைக் கண்ணால பாத்தாத்தான் கேக்கும், தூண் மறைச்சா காது கேக்காது. அதனால அளவை மாத்த உதவிக்கு வந்த பையன் ஓடணும். கழுத்திருவை (நகரத்தார் வீட்டுப் பெரிய தங்கத் தாலி) எடுத்ததும் அத்தனை தங்கத்துல ஒளி பட்டு வெள்ளையா வெடிச்சுது, மாடி பிளாஷை பாதியாக்கணும், பையன் அந்தக் குறுகுன படியில ஏறி இறங்கி வர்றதுக்குள்ள பூட்டி முடிச்சாச்சு. அந்தப் படம் இன்னைக்கும் எங்கிட்ட இருக்கு, தங்கத்துல ஒரு நெளிவு சுளிவு கூடத் தெரியாது. 2012ல கேனான் 600இஎக்ஸ்-ஆர்டின்னு பிளாஷுக்குள்ளயே ரேடியோவை வச்சுக் கொண்டு வந்தாங்க, அப்புறம் கோடாக்ஸ் மாதிரி விலை கம்மியானது வந்ததும் எங்க மாதிரி சின்ன ஸ்டுடியோவுக்கும் வந்துடுச்சு. இப்ப தூண் மறைச்சாலும் கேக்குது, கட்டைவிரலால திருப்புனா மாடியில அளவு மாறுது.

இன்னும் ஒண்ணு இருக்கு, எனக்கு இதுதான் முக்கியம். பிளாஷ்ல அளவு ஒவ்வொரு படியா பாதி பாதியாத்தான் இறங்கும். 1, 1/2, 1/4, 1/8, 1/16, 1/32, 1/64, 1/128. இதுக்கு நாம சொல்லே தேட வேண்டாம். எங்க ஐயா, அதாவது அப்பாவோட அப்பா, ஒரு செட்டியார் கடையில கணக்குப்பிள்ளையா இருந்தவக, தரையில உக்கார வச்சு வாயால சொல்லிக் கொடுப்பாக: ஒண்ணு, அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம், அரைக்கால்வீசம். எண்ணிப் பாருங்க, எட்டுக்கு எட்டு. 1/16ன்னா வீசம், 1/128ன்னா அரைக்கால்வீசம். மாகாணின்னாலும் 1/16தான், ஆனா ஒளிக்கு வீசம்னா "வீசுறது" காதுல விழுது, அதனால அதையே வச்சுக்கலாம்.

பழமைக்காகச் சொல்லல. மேளச்சத்தத்துல "ஒன் பை சிக்ஸ்டி"ன்னு கத்துனா ஷட்டர் 1/60ஆ, பிளாஷ் 1/64ஆ, இல்ல 1/16ஆன்னு பையனுக்குத் தெரியறதில்ல. ஷட்டருக்கும் பின்னம், பிளாஷுக்கும் பின்னம், அதுலதான் குழப்பமே. "கால்வீசம்"னா அது பிளாஷ்தான், வேற எதுவும் இல்ல. ஒளியை ரெண்டு மடங்கு தூரம் தள்ளி வச்சா வெளிச்சம் நாலுல ஒண்ணாயிடும், அதை ஈடு கட்ட ரெண்டு படி ஏத்தணும், வீசத்துல இருந்தா காலுக்கு வரணும். இது வாயிலயே வந்துடும்.

பிளாஷுக்கே என்ன சொல்ங்கிறது மிச்சம். பளிச்சொளி நல்லாத்தான் இருக்கு, ஆனா நீளம். மின்னல் "வெட்டுது"ன்னு சொல்றோம், உள்ள நடக்கிறதும் கரண்டை வெட்டுறதுதான், அதனால "வெட்டொளி"ன்னு வச்சா ரெண்டும் பொருந்தும்னு எனக்குப் படுது. நீங்க சொல்லுங்க ஐயா.

---

தம்பிக்கு,

திறன் பற்றி நீ சொன்னது சரி, நான் திருத்திக்கொள்கிறேன். கேமராக்காரர் பட்டியலில் கை வைத்தால்தான் பட்டியல் உருப்படும். வீசக் கணக்கைப் படித்துவிட்டு எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், நாற்பது வருஷம் கழித்தும் வருகிறது.

ஆனால் வெட்டொளி வேண்டாமப்பா. பொருள் பொருந்துகிறது, இடம் பொருந்தவில்லை. விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்று சொல்கிற வீடுகளில்தான் நீ போய் நிற்கிறாய். வளவில் மணையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருக்க, நீ மாடியைப் பார்த்து "வெட்டைக் கூட்டு, வெட்டைக் குறை" என்று கத்தினால் ஆச்சிமார் சும்மா விடுவார்களா? நன்னூல் மங்கலம் என்று தனியாகவே ஒரு வழக்கைச் சொல்லி வைத்திருக்கிறது. போதாததற்கு மின்வெட்டு என்றால் இன்று எல்லாருக்கும் கரண்ட் போனதுதான் ஞாபகம் வரும்.

மின்னுவது மின்னி. கணினி மாதிரி சின்னச் சொல். தள்ளி வைத்தது புறமின்னி. எப்படி?

இன்னொரு சந்தேகம். ஏவல் என்றால் ஊரில் பில்லி, சூனியத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். வெட்டுக்குச் சொன்ன காரணம் இதற்கும் பொருந்துமே?

---

ஐயா,

மின்னி ரொம்ப நல்லா இருக்கு, வெட்டொளியை நானே எடுத்துடுறேன். அந்தக் கோணத்துல நான் யோசிக்கவே இல்ல, போன வருஷம் ஒரு வீட்டுல "லைட்டைக் கொல்லு"ன்னு என் பையன் சொல்லிட்டு ஒரு ஆச்சிகிட்ட "கல்யாண வீட்டுல என்னப்பா பேச்சு பேசுறீக"ன்னு வாங்கிக் கட்டிக்கிட்டது இப்பதான் ஞாபகம் வருது.

ஏவல் விஷயத்துல மட்டும் நான் விட்டுக் கொடுக்க மாட்டேன், காரணம் இருக்கு. மின்னிங்கிறது எடுக்கும்போது வாய்ல புழங்குற சொல், நிமிஷத்துக்கு ஒரு தரம் சத்தமாச் சொல்லுவோம். அளவேவல் அப்படி இல்ல, அது வகுப்புல, பாடத்துல, விலைப்பட்டியல்ல எழுதுற சொல். படம் எடுக்கிற இடத்துல யாரும் "அளவேவல் பண்ணு"ன்னு சொல்லப் போறதில்ல, நானே திருப்பிடுவேன், பையன்கிட்ட "மாடி வீசம், முகப்பு கால்"னுதான் சொல்லுவேன். தவிர ஏவுகணை, ஏவுதளம்னு பேப்பர்ல தினம் படிக்கிறோம், அங்க யாருக்கும் சூனியம் ஞாபகம் வர்றதில்ல. ஏவல் வினையும் அப்படித்தான். முன்னாடி "அளவு" நிக்கிறதால இன்னும் பயமில்ல.

ஞாயித்துக்கிழமை பள்ளத்தூர்ல ஒரு சாந்தியில இதை எடுத்துப் பாத்தோம். ஏ, பி, சி குரூப்பை முகப்பு, வளவு, மாடின்னு டிரிகர் மேல ஸ்டிக்கர் எழுதி ஒட்டுனேன். பையங்க ரெண்டு பேருக்கும் வீசம்னா என்னன்னே தெரியாது, ஒருத்தன் திருப்பத்தூர், ஒருத்தன் மானாமதுரை, கார்ல போற வழியில சொல்லிக் கொடுத்தேன், பாதி பாதின்னு பிடிச்சுக்கிட்டதும் இறங்குறதுக்குள்ள வந்துடுச்சு. ஒரே ஒரு இடத்துல திணறுனோம். படிக்கு நடுவுல மூணுல ஒரு பங்கு ஏத்துறது இருக்குல்ல, அதுக்குப் பேர் இல்லாம "வீசத்துக்கு மேல கொஞ்சம்"னு சொல்ல, எவ்வளவு கொஞ்சம்னு அவன் கேக்க, கடைசியில மானாமதுரைப் பையனே "அண்ணே, வீசமும் ஒரு கொசுறும்னு சொல்லுங்க"ன்னான். 0.3 ஏத்துனா ஒரு கொசுறு, 0.7 ஏத்துனா ரெண்டு கொசுறு, மூணாவது கொசுறுக்கு அரைக்கால் வந்துடும். காய்கறிக்கடையில வாங்குற கொசுறு அளவில்லாததுன்னு நீங்க சொல்லலாம், ஆனா எங்களுக்கு நாள் பூரா அது தடுக்கவே இல்ல.

பட்டியல்ல இப்படிப் போடலாமான்னு பாருங்க: மின்னி, புறமின்னி, மின்னியளவு, ஏவி, அளவேவி, அளவேவல். அளவுப் பேர் எட்டும் தனியா ஒரு வரியில. கொசுறை உள்ள சேக்கிறதா வேண்டாமாங்கிறதை மட்டும் நீங்க முடிவு பண்ணுங்க, அந்தப் பையன் ரெண்டு நாளா கேட்டுக்கிட்டே இருக்கான்.