புதுப்பிப்பு: திரைச்சீலைத் துணி கிடைத்துவிட்டது!

தீபாவளிக்குள் வரவேற்பறைத் திரைச்சீலையை மாற்ற வேண்டும், 300 வெள்ளிக்குள் (மலேசிய ரிங்கிட்) நல்ல டிசைனர் துணி கிடைக்குமா என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். கிடைத்தது!

சனிக்கிழமை காலையிலேயே அம்மாவோடு கோலாலம்பூரின் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் கடைத்தெருவில் இறங்கிவிட்டேன். (மாலையில் போனால் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) கூட்டத்தில் நகரவே முடியாது.) மூன்று கடைகளில் ஒன்றும் மனசுக்கு ஒட்டவில்லை. நாலாவதில், பின்மூலையில் சாய்த்து வைத்திருந்த மிச்சச் சுருள்களுக்கு நடுவே கடுகு மஞ்சளில் சாம்பல் இலை போட்ட லினன்! மீட்டர் 60 வெள்ளித் துணி. சுருள் தீரப்போகிறது என்று 22க்குக் கொடுத்தார்கள். அம்மா அதைத் தடவி, கசக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அழகைப் பார்த்தால் பட்டுப்புடவை எடுக்கிறார் என்றே நினைப்பீர்கள்.

இருந்த 9 மீட்டரையும் எடுத்துவிட்டேன், 198 வெள்ளி. இலை வரிசை பொருந்தக் கூடுதல் துணி வேண்டும் என்று இங்கே எச்சரித்தவருக்கு நன்றி. இல்லையென்றால் 7 மீட்டரோடு திரும்பியிருப்பேன். லினன் சுருங்கும் என்பதால் அலசிக் காயப் போட்டிருக்கிறேன். அப்புறம்தான் தையல்காரரிடம். மிச்சத்தில் குஷன் உறை தைக்க அம்மா இப்போதே கத்தரிக்கோலைத் தேடுகிறார்.