புதுப்பிப்பு: நாய்க்குட்டியின் ஊசிச் செலவு, திருகோணமலை

உப்புவெளியில் ஒரு பெட்டைக்குட்டி எடுத்திருக்கிறோம், ஊசி, குளிசை எல்லாம் எவ்வளவு வரும் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. இப்போது ஓரளவு கணக்குப் பிடிபட்டுவிட்டது.

விசர்நாய்க்கடி ஊசியை அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது. ஊசி போட்டதைப் பதியும் அட்டையை மட்டும் கவனமாக வைத்திருங்கள். காசு போவது பார்வோ (கடும் வாந்தி, வயிற்றோட்டம் வரும் நோய்), டிஸ்டெம்பர் (நுரையீரலையும் நரம்பையும் தாக்கும் நோய்), எலிக்காய்ச்சல் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடும் கூட்டு ஊசிக்குத்தான். 6 - 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3, 4 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். தனியார் மிருக வைத்தியரிடம் ஊசிக்கு ஒரு விலை, குட்டியைப் பார்க்கிறதுக்கு ஒரு விலை. இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். விலை கூட என்று விடவும் முடியாது. பார்வோ வந்தால் சேலைன் ஏற்றியே கை காலியாகிவிடும்.

பூச்சிக் குளிசை நிறைக்கு ஏற்றபடி. நாங்கள் வாங்கியது 10 கிலோவுக்கு ஒன்று. அம்மா தராசில் முதலில் தனியே ஏறினார், அப்புறம் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார், கழித்துப் பார்த்தோம். (அம்மாவின் நிறையை வெளியே சொல்லக்கூடாது என்பது நிபந்தனை.)

பெரிய தலைவலி உண்ணிதான். இந்த வெக்கைக்கு வருடம் முழுக்க வருகிறது. காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தினமும் பார்க்கிறோம். மென்று தின்னக் கொடுக்கும் உண்ணிக் குளிசை விலை கூடத்தான், ஆனால் உண்ணிக் காய்ச்சலுக்கு வைத்தியம் பார்ப்பதைவிடப் பரவாயில்லை.

கருத்தடைக்கு இன்னும் விசாரிக்கிறேன். விலை தெரிந்ததும் இதன் கீழேயே போடுகிறேன்.