ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டரிலிருந்து எம் 240-க்கு மாறியிருக்கிறேன்: பழைய லென்ஸ்களில் எதை மாற்றுவது?

சென்னிமலை நெசவு

வணக்கம்ங்க. பல வருடமாக பெஸ்ஸா ஆர்2ஏ என்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் (வ்யூஃபைண்டரில் தெரிகிற இரட்டை உருவத்தை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் வைக்கிற வகை) ஃபிலிம் போட்டுத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். ரோல் விற்கிற விலையும், கழுவ வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதும் இனிமேல் கட்டுப்படியாகாது என்று செகண்ட் ஹேண்டில் ஒரு லைக்கா எம் 240 வாங்கினேன். லென்ஸ் புதிதாக எதுவும் வாங்கவில்லை. கையிலிருந்த மூன்றையே மாட்டிக்கொண்டிருக்கிறேன்:

ஃபோக்லாண்டர் 15 மி.மீ. எஃப் 4.5 ஹீலியார், கேமராவில் திருகி மாட்டுகிற பழைய மாடல். கலர் ஸ்கோபார் 35 எஃப் 2.5, இது எம் மவுண்ட், லைக்கா எம் கேமராவில் நேராகப் பூட்டலாம். அப்புறம் ஜூபிடர் 8, 50 மி.மீ. எஃப் 2. 15, 50 இரண்டுக்கும் அடாப்டர் போட்டிருக்கிறேன்.

நான் எடுப்பது எங்கள் ஊர்க் கைத்தறிகளையும் அதில் உட்கார்ந்திருப்பவர்களையும்தான். பெட்ஷீட் நெய்கிற தறி அறைகள் குறுகல். முதுகு சுவரில் முட்டும். அதனால் 15 இல்லாமல் முடியாது. முகத்துக்கு 50.

இப்போது இரண்டு தொல்லை. 15-இல் எடுத்தால் வெள்ளைச் சுவரின் இரண்டு ஓரமும் கத்திரிப்பூ நிறத்துக்குப் போகிறது. ஃபிலிமில் ஓரம் இருட்டும், நிறம் மாறியதே இல்லை. இரண்டாவது, ஜூபிடரில் கிட்டப்போய்க் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் காது கூர்மையாக விழுகிறது, கண் பூசின மாதிரி இருக்கிறது. 35-இல் எந்தக் குறையும் தெரியவில்லை.

ஒரே ஒரு லென்ஸ் வாங்கத்தான் பணம் இருக்கிறது. தறிக்கூடம் இருட்டு என்பதால் அதிக ஒளியை உள்ளே விடுகிற 35 எஃப் 1.4 வாங்கச் சொல்கிறார் ஒரு நண்பர். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பீளமேடு

15-ஐப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் கெட்டுப்போகவில்லை, கேமராவும் கெட்டுப்போகவில்லை.

அந்தப் பழைய ஹீலியாரின் பின்கண்ணாடி கேமராவுக்குள் நன்றாக உள்ளே தள்ளி, ஃபிலிமுக்குப் பக்கத்தில் நிற்கும். அதனால்தான் லென்ஸ் அவ்வளவு சின்னதாக இருக்கிறது. ஆனால் ஓரங்களுக்குப் போகிற ஒளி ரொம்பச் சாய்வாகப் போய் விழும். ஃபிலிமுக்கு அது பெரிய விஷயமில்லை. சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் நம் ஊர்க் கிணறு மாதிரி. உச்சி வெயில் அடித்தரை வரைக்கும் போகும், சாய்ந்த வெயில் பக்கச் சுவரோடு நின்றுவிடும். போதாததற்கு சென்சாரின் மேல் ஒரு கண்ணாடித் தகடு வேறு. சாய்ந்த ஒளி அதற்குள் அதிக தூரம் போகவேண்டியிருக்கிறது, பக்கத்துப் புள்ளியிலும் கொஞ்சம் சிந்துகிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே அளவில் குறைவதில்லை. அதனால் இருட்டோடு நிறமும் சேர்ந்து மாறுகிறது.

"என் 15 டிஜிட்டலில் நன்றாகத்தானே இருந்தது" என்று யாராவது சொன்னால், எந்தக் கேமராவில் என்று கேளுங்கள். 2004-இல் வந்த எப்சன் ஆர்-டி1-இன் சென்சார் சின்னது, 1.5 மடங்கு வெட்டு. 2006-இல் வந்த லைக்கா எம் 8-இல் 1.33 மடங்கு. ஓரம் படத்துக்குள் வந்தால்தானே தெரியும்? 2009-இல் எம் 9 முழு 35 மி.மீ. சென்சாரோடு வந்த பிறகுதான் இந்த லென்ஸ்களின் ஓரம் முழுதாகத் தெரிய ஆரம்பித்தது. உங்கள் 240-உம் முழு அளவுதான். இதற்காகவே 15-இன் மூன்றாம் பதிப்பை டிஜிட்டலுக்கு ஏற்ற மாதிரி மாற்றி வடிவமைத்து 2015-இல் விட்டார்கள். பின்பக்கம் சென்சாரிலிருந்து தள்ளி நிற்கும், நிறம் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் உங்களிடம் இருப்பதைவிட நல்ல பருமன்.

என் யோசனை: பழையதை விற்றுவிட்டு மூன்றாம் பதிப்புக்குப் போங்கள். நீங்கள் அதிகம் எடுப்பது அதில்தானே.

பொள்ளாச்சி ஸ்டூடியோ

தம்பி, பீளமேட்டார் சொன்ன காரணமெல்லாம் சரி. ஆனால் பணத்தை அங்கே போடாதீர்கள். நிறத்தை வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் சரிசெய்யலாம். ஃபோகஸ் விழாத கண்ணை எதைக்கொண்டும் மீட்க முடியாது. கையில் ஒரு லென்ஸுக்குத்தான் காசு என்றால் ஜூபிடர்தான் போகவேண்டும்.

ஜூபிடர் ஏன் காதைப் பிடிக்கிறது? ரஷ்யாவில் செய்த அந்த 50-கள் பழைய ஜெர்மன் கான்டாக்ஸ் லென்ஸின் வழியில் வந்தவை. பெயருக்கு 50 என்றாலும் உண்மையான குவிய நீளம் 52.4 மி.மீ. பக்கம். லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டரோ 51.6 மி.மீ. லென்ஸ் எவ்வளவு முன்னே நகரவேண்டுமோ அந்தக் கணக்குக்கு அமைத்தது. தூரத்தில் இரண்டும் ஒத்துப்போகும். கிட்ட வர வர ஜூபிடர் நகரவேண்டிய அளவுக்கு நகராது, ஃபோகஸ் பின்னால் போய் விழும். 1 மீட்டரில் இந்த வித்தியாசம் சுமார் 3 செ.மீ. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே பாதி தூரத்தை அதுவே தின்றுவிடும். மீதி உங்கள் லென்ஸை யாராவது கழற்றிப் பூட்டியதால் இருக்கலாம், அடாப்டராகவும் இருக்கலாம்.

அடாப்டரைச் சும்மா விடாதீர்கள். திருகு லென்ஸுக்கு மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை 28.8 மி.மீ., எம் மவுண்டுக்கு 27.8. அடாப்டர் சரியாக 1 மி.மீ. கனம் இருக்கவேண்டும். மலிவான அடாப்டரில் இந்தக் கனம் கொஞ்சம் தவறினால் இன்ஃபினிட்டியே (வெகு தூரத்துக்கான ஃபோகஸ்) போய்விடும்.

சோதிக்கிற முறை சொல்கிறேன். ஸ்டாண்டில் கேமராவை வையுங்கள். தினசரிக் காலண்டர் அட்டையை மேசைமேல் சாய்த்து வைத்து, 1 மீட்டரில் ஒரு வரிக்கு ரேஞ்ச்ஃபைண்டரில் ஃபோகஸ் செய்து, அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) முழுக்கத் திறந்து எடுங்கள். பிறகு லைவ் வியூ (சென்சாரில் விழுகிற படத்தை அப்படியே பின்திரையில் காட்டுவது) போட்டுப் பெரிதாக்கி, அதே வரிக்குத் திரும்ப ஃபோகஸ் செய்து எடுங்கள். 240-இல் லைவ் வியூ இருப்பது உங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. எம் 9-காரர்களுக்கு அது இல்லை. அடுத்து 35-ஐ மாட்டி இதையே செய்யுங்கள். இரண்டு லென்ஸும் ஒரே பக்கம் விலகினால் கேமரா பாடியின் ரேஞ்ச்ஃபைண்டரைச் சரிசெய்யவேண்டும். ஜூபிடர் மட்டும் விலகினால் பாடியைத் திருகப் போகாதீர்கள். ஒரு லென்ஸுக்காக பாடியைத் திருகினால் மற்ற லென்ஸெல்லாம் கெட்டுப்போகும். கடைசியாக வெளியே போய், தாராபுரம் பக்கம் தெரிகிற காற்றாலை மாதிரி தூரத்து உயரமான ஒன்றுக்கு இன்ஃபினிட்டி பாருங்கள்.

சென்னிமலை நெசவு

ரொம்ப நன்றிங்ணா. ஒரு சந்தேகம்: பெஸ்ஸாவில் இதே ஜூபிடர்தானே மாட்டியிருந்தேன். அதில் ஏன் தெரியவில்லை?

பொள்ளாச்சி ஸ்டூடியோ

அதிலும் இருந்திருக்கும் தம்பி. தபால் அட்டை அளவுப் பிரிண்டில் 3 செ.மீ. விலகலை யார் பார்த்தார்கள்? ஃபிலிமின் பூச்சுக்குக் கனம் உண்டு, ஃபிலிமும் முழுக்கத் தட்டையாக நிற்காது. இப்போது 2 கோடியே 40 லட்சம் புள்ளி வைத்திருக்கிறீர்கள், திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள். ரேஞ்ச்ஃபைண்டரின் துல்லியம் என்று பார்த்தால் இப்போது கூடத்தான் செய்திருக்கிறது. பெஸ்ஸாவின் அடித்தளம் (ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு ஜன்னலுக்கும் நடுவிலான தூரம்) 37 மி.மீ., வ்யூஃபைண்டர் 0.7 மடங்கு, பெருக்கினால் 26; இந்த எண் கூடினால் துல்லியம் கூடும். எம் 240-க்கு 69.25 மி.மீ., 0.68 மடங்கு, 47 வருகிறது. கேமராவின் மேல் சந்தேகப்படக் காரணமில்லை.

ஊட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த 'இந்து' என்ற பெயருள்ள ஃபிலிமில் கல்யாணம் எடுத்த காலத்திலிருந்து நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். லென்ஸைக் குறை சொல்லும் முன் தூரத்தை அளந்து சோதிக்கச் சொல்லித்தான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வேன்.

திருப்பூர் பின்னலாடை

எஃப் 1.4 வாங்கச் சொன்ன நண்பருக்காக இதை எழுதுகிறேன். ஃபிலிமில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 400 போட்டு, எஃப் 2.5-இல் 1/15 நொடி கிடைத்த அறையில், 240-இல் ஐஎஸ்ஓ 1600 வைத்தால் அதே எஃப் 2.5-இல் 1/60 கிடைக்கும். 3200 வரைக்கும் தயங்காமல் போகலாம். இருட்டுக்காக 1.4 வேண்டும் என்பது ஃபிலிம் காலத்துக் கணக்கு. பின்னணி கரைய வேண்டுமென்றால் 1.4 வாங்குங்கள், அது வேறு தேவை. உங்கள் படங்களில் தறியும் பாவும் தெரியவேண்டாமா?

அதோடு, அந்த விலையில் பலரும் தேடுகிற நோக்டான் கிளாசிக் 35 எஃப் 1.4-இல் ஃபோகஸ் நகரும். 1.4-இல் சரியாக இருக்கும், 2, 2.8 என்று மூடும்போது கூர்மை பின்னால் போகும். ஜூபிடர் தொல்லையிலிருந்து தப்பித்து அதே மாதிரி இன்னொன்றில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

துணி எடுப்பவர் என்பதால் இன்னொன்று, இதை யாரும் சொல்லவில்லை. எம் கேமராக்களின் சென்சாருக்கு முன்னால் நுண்கோடுகளை மழுப்புகிற வடிகட்டி கிடையாது. நல்ல கூர்மையான லென்ஸில், எஃப் 5.6-இல், நெசவு இழை சென்சார் புள்ளிகளின் இடைவெளிக்கு ஒத்து விழுந்தால் துணியின் மேல் இல்லாத வானவில் வரி ஓடும். நான் பனியன் துணி கேட்லாக் எடுக்கும்போது அடிக்கடி வரும். ஃபிலிமின் துகள்கள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடப்பதால் அங்கே வராது. வந்தால் ஓரடி முன்னே பின்னே நகருங்கள், அல்லது கோணத்தைத் திருப்புங்கள். நகர இடமில்லையென்றால் எஃப் 16 வரை மூடுங்கள், கூர்மை கொஞ்சம் மங்கி வரி அடங்கும். பெட்ஷீட் கட்டங்களில் கட்டாயம் பார்ப்பீர்கள்.

கோபி வாசகர்

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்கு எம் 8 ஒன்று குறைந்த விலையில் வருகிறது. என் 35, 50 இரண்டையும் அதில் போடலாமா?

திருப்பூர் பின்னலாடை

போடலாம்ங்க. சென்சார் சின்னது என்பதால் 35 ஏறக்குறைய 47 மாதிரியும், 50 ஏறக்குறைய 67 மாதிரியும் தெரியும். ஆனால் எம் 8-இன் சென்சார் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் வாங்கிக்கொள்ளும். கறுப்பு பாலியஸ்டர் துணி ஊதாவாக வரும். லென்ஸ் முன்னால் யூவி-ஐஆர் வெட்டும் ஃபில்டர் ஒவ்வொன்றுக்கும் வாங்கவேண்டும், அந்தச் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளைக்கு மட்டும் என்றால் ஃபில்டர் இல்லாமலேயே அருமையான கேமரா.

வால்பாறை

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு. டார்ச் அடித்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரிக் கோடு தெரிந்தால் பூஞ்சை, விலகிவிடுங்கள். எங்கள் ஊர் ஈரத்தில் அலமாரியில் வைத்தாலே வந்துவிடும். மூடி நன்றாக இறுகுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரமானி 45-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கிற மாதிரி வைத்திருக்கிறேன். சமவெளிக்காரர்களும் ஐப்பசி, கார்த்திகையிலாவது இதைச் செய்யுங்கள்.

சென்னிமலை நெசவு

சோதித்துப் பார்த்தேன். 35 ரேஞ்ச்ஃபைண்டரிலும் லைவ் வியூவிலும் ஒரே வரியில் நிற்கிறது. பாடி சரி. ஜூபிடர் 1 மீட்டரில் பின்னால் போகிறது, 3 மீட்டரில் குறை தெரியவில்லை, இன்ஃபினிட்டி கூர்மை. பொள்ளாச்சி அண்ணன் சொன்னது அப்படியே வந்திருக்கிறது. எஃப் 4-க்கு மூடினால் கிட்டத்திலும் கண் ஓரளவு தேறிவிடுகிறது.

ஆனால் நாடா (ஊடு நூலைக் குறுக்கே ஓட்டுகிற கட்டை) அடிக்கிற கையைப் பின்னால் கரையவிட்டு முகத்தை மட்டும் எடுக்க எனக்கு எஃப் 2 வேண்டும். அதனால் 50-ஐத்தான் மாற்றப்போகிறேன். ஸைஸ் பிளானார் 50 எஃப் 2, எம் மவுண்ட், பார்த்து வைத்திருக்கிறேன். ஜூபிடரில் 1 மீட்டருக்குக் கிட்டே போக முடியாது, இதில் 0.7 வரை போகலாம் என்பதும் ஒரு காரணம். அதே கம்பெனியின் சி சோனார் 50 எஃப் 1.5-உம் விற்பனைக்கு இருக்கிறது. எது?

பொள்ளாச்சி ஸ்டூடியோ

பிளானார். சோனாரின் படம் அழகுதான், நானே மறுக்கமாட்டேன். ஆனால் அதிலும் மூட மூட ஃபோகஸ் நகரும், தெரிந்துகொண்டு பழகவேண்டிய லென்ஸ். வேலை செய்துகொண்டிருக்கிறவர் முகத்தைத் திரும்ப எடுக்கக் கேட்க முடியாது. காசு கொடுக்கும் முன் உங்கள் பாடியிலேயே மாட்டி அதே காலண்டர் சோதனையைச் செய்யுங்கள். ஃபோகஸ் வளையம் ஆடுகிறதா என்றும் கையால் அசைத்துப் பாருங்கள்.

பீளமேடு

நீங்கள் 50-ஐ மாற்றுவதுதான் சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பழைய 15-ஐக் காப்பாற்ற வழி சொல்கிறேன். பெயர்ப்பலகை செய்கிற கடையில் பால் வெள்ளை அக்ரிலிக் துண்டு ஒன்று வாங்குங்கள். தறி அறையில் எடுத்து முடித்ததும் அதை லென்ஸ் முன்னால் ஒட்டிப் பிடித்து, சீரான வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். அந்தப் படத்தில் ஓரத்து இருட்டும் நிறமும் மட்டும் பதிவாகும். ராதெரபி என்கிற இலவச மென்பொருளில் ஃபிளாட் ஃபீல்ட் என்ற இடத்தில் அதைக் கொடுத்தால் மற்ற படங்களிலிருந்து கழித்துக்கொடுத்துவிடும். லைட்ரூம் வைத்திருந்தால் அதிலும் இந்த வசதி உண்டு. டிஎன்ஜி ஃபைலாக (சென்சார் பதிவை மாற்றாமல் வைக்கிற மூலப் படம்) எடுத்திருக்க வேண்டும், ஜேபெக் உதவாது. கேமரா மெனுவில் லென்ஸ் கண்டறிதலைக் கைமுறைக்கு மாற்றி 21 மி.மீ. ஒன்றைத் தேர்ந்தெடுத்தாலும் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. கறுப்பு வெள்ளையாக மாற்றுகிற படங்களுக்கு இது எதுவுமே வேண்டாம்.

சென்னிமலை நெசவு

அந்த வெள்ளைப் படம் ஒருமுறை எடுத்து வைத்தால் எல்லாவற்றுக்கும் ஆகுமாங்க?

பீளமேடு

அப்பர்ச்சருக்கு ஒன்று வேண்டும். எஃப் 4.5-இல் எடுத்ததை 8-இல் எடுத்த படத்துக்குப் போட்டால் ஓரம் அளவுக்கு மேல் வெளுக்கும். நீங்கள் பயன்படுத்துகிற 4.5, 5.6, 8 மூன்றுக்கும் தனித்தனியாக எடுத்து, எது எந்த அப்பர்ச்சர் என்று ஃபைல் பெயரிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேமராவில் உண்மையான அப்பர்ச்சர் பதிவாவதில்லை. இருக்கிற எண்ணும் லென்ஸைக் கேட்டு எழுதியதில்லை, வெளிச்சத்தை வைத்து ஊகித்தது.